வெறும் ட்ரே

எனக்கு ஒரு சட்டம் உண்டு. வெறும் ட்ரேயைத் தட்டக் கூடாது. தட்டினால் அதன் மேல் எலி இருக்க வேண்டும். எலி இல்லையென்றால் ட்ரே தன் பாட்டுக்குச் சுவரோரம் சாய்ந்து கிடக்கட்டும். எட்டு வருஷம் ஒரு தடவைகூட நான் இதை மீறவில்லை. முதுகு வலியோடு, காய்ச்சலோடு, கை நிறைய மாவோடு நின்ற நாட்களில்கூட மீறவில்லை. பறவைதானே, அதற்கு என்ன தெரியப்போகிறது என்று கேட்கிறவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கட்டும். அவர்களுக்குப் பதில் சொல்ல எனக்கு நேரமும் இல்லை, பொறுமையும் இல்லை.

முதலில் எலி விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்களுடையது பேக்கரி. நானும் என் தம்பியும் நடத்துகிறோம். முன்னால் கடை, நடுவில் அடுப்பு, அதற்குப் பின்னால் மாவு மூட்டை அறை, அதை ஒட்டி நாங்கள் படுக்கிற இரண்டு அறைகள், கடைசியில் கொல்லை. மாவு இருக்கிற இடத்தில் எலி இருக்கும். விஷம் வைக்கலாமே என்பீர்கள். வாயில் வைக்கிற பொருளைச் செய்கிற இடத்தில் விஷம் வாசற்படி ஏறக் கூடாது. பொறி வைத்தோம். இரண்டே நாளில் எலிகள் அதைச் சுற்றிக்கொண்டு போகப் பழகிவிட்டன. பூனை வளர்த்தோம். அது அடுப்புச் சூட்டில் சுருண்டு படுத்துக் குறட்டை விட்டது. எலி அதன் மீசைக்கு முன்னால் உலாத்தியது. பூனையைத் தெரிந்தவர் வீட்டுக்கு அனுப்பிவிட்டு நான் ஒரு காற்றுத் துப்பாக்கி வாங்கினேன்.

“பொம்பளைக்கு எதுக்குத் துப்பாக்கி?” என்று தெருவில் ஒருத்தர் கேட்டார். “எட்டடி தள்ளி வந்து நில்லுங்க, எதுக்குன்னு காட்டுறேன்” என்றேன். அதற்கப்புறம் அவர் பக்கத்துத் தெருக் கடையில்தான் ரொட்டி வாங்குகிறார். போகட்டும்.

மத்தியானம் இரண்டு மணிக்குக் கடைசி ஈடு ரொட்டி வெளியே வந்ததும் அடுப்பு ஓய்ந்துவிடும். மாவு அறையைக் கூட்டி, சிந்தியதைச் சாக்கடை ஓரம் குவித்துவைப்பேன். பிறகு கொல்லைக் கதவுக்கு உள்ளே, இடது பக்கம், கவிழ்த்த மரப்பெட்டியில் உட்கார்ந்துகொள்வேன். அங்கே நிழல் விழும். வெளியிலிருந்து பார்த்தால் ஆள் இருப்பது தெரியாது. எலி வரும், நான் சுடுவேன். நாளுக்கு ஒன்று, சில நாள் இரண்டு.

செத்த எலியைக் கையால் தொடுவதில்லை. இடுக்கியால் எடுத்து, ஓரம் நசுங்கிப்போனதென்று கழித்துப்போட்ட ஒரு பழைய ட்ரேயில் வைப்பேன். எலி லேசுப்பட்ட ஜென்மம் இல்லை. செத்த மாதிரி கிடந்துவிட்டுக் கிட்டே போனதும் காலில் பாயும். அதனால் ட்ரேயின் விளிம்பில் இடுக்கியால் மூன்று தடவை ஓங்கித் தட்டுவேன். உயிர் மிச்சமிருந்தால் துள்ளும். துள்ளவில்லை என்றால் கதை முடிந்தது என்று அர்த்தம். அப்படித் தட்டி, கொல்லையில் கவிழ்ந்து கிடந்த எண்ணெய் டிரம் மேல் ட்ரேயை வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன் ஒரு நாள். திரும்பி வந்தால் எலியைக் காணோம். மறுநாளும் காணோம். மூன்றாம் நாள் கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்று பார்த்தேன். எதிர்த் தெருத் தண்ணீர்த் தொட்டியிலிருந்து ஒரு பருந்து இறங்கி வந்து, டிரம் மேல் கால் வைத்து, எலியைத் தூக்கிக்கொண்டு போனது. அம்மாடி, என்ன அழகு! எனக்குக் கைதட்டத் தோன்றியது.

ஒரே மாதத்தில் அது தன் ஜோடியையும் கூட்டி வந்தது. இரண்டும் துப்பாக்கிச் சத்தத்துக்கு அசையாது. குறி தப்பினாலும் துப்பாக்கி சத்தம் போடுமே, அதை நம்பி வந்தால் ஏமாற வேண்டியதுதான். மூன்று தட்டு கேட்டால்தான் இறங்கும். மூன்று தட்டு ஒரு நாளும் பொய் சொன்னதில்லை. அதைக் கவனித்த அன்றைக்குத்தான் நான் அந்தச் சட்டத்தைப் போட்டுக்கொண்டேன்.

பெரியது பெண். எலியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ‘இது ஒரு எலியா?’ என்பது போல என் பக்கம் ஒரு பார்வை பார்க்கும். கல்யாணம் ஆகி நான் பதினோரு மாதம் வாழ்ந்த வீட்டில் இதே பார்வையை மூன்று வேளையும் வாங்கியிருக்கிறேன். அதனால் அதற்கு மாமியார் என்று பெயர் வைத்தேன். சின்னது ஆண். வாலில் ஒரு இறகு குறை. மாமியார் எடுத்துக்கொண்டது போக மிச்சம் இருந்தால்தான் வாயைத் திறக்கும். அது மாமனார். நிஜ மாமியாரோடு ஒரு வருஷம் தள்ள முடியாத நான், இந்த மாமியாரோடு எட்டு வருஷம் ஒரு மனஸ்தாபம் இல்லாமல் குப்பை கொட்டினேன்.

என் தம்பிக்குப் புறா. கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு மொட்டை மாடியில் இருபத்தாறு பந்தயப் புறாக்களோடு குடித்தனம் நடத்துகிறவன். அவனைப் பற்றிக் குறையாகச் சொல்ல அதுவரை என்னிடம் எதுவும் இல்லை. மாவு பிசைவதில் அவன் கையை மிஞ்ச ஆள் கிடையாது. புகுந்த வீட்டை விட்டு நான் ஒற்றைப் பெட்டியோடு வந்து நின்றபோது, ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்காமல் பெட்டியை வாங்கி உள்ளே வைத்தவன். நாலு மணிக்கு டீ போடுவது அவன் வேலை. போட்டுவிட்டுக் கரண்டியால் தம்ளரில் இரண்டு தட்டுத் தட்டி, “அக்கா, டீ!” என்று கூப்பிடுவான். எந்த மூலையில் என்ன வேலையாக இருந்தாலும் என் கால்கள் கிளம்பிவிடும்.

இந்த வருஷத் தொடக்கத்தில் அவனுடைய நீலவால் என்கிற பெட்டைப் புறா பந்தயத்திலிருந்து திரும்பவில்லை. சாம்பல் உடம்பு, நீல வால். அவனுடைய செல்லம். மூன்று நாள் வானத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். நாலாம் நாள் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே கொஞ்சம் நீல இறகைப் பொறுக்கிக்கொண்டு வந்து என் முன்னால் போட்டான்.

“உன் பருந்துதான்கா எடுத்துடுச்சு.”

“போடா லூசு. தினம் ஓசியில எலி கிடைக்கும்போது அது எதுக்குடா உன் புறா பின்னாடி நாக்கத் தொங்கப்போட்டுக்கிட்டு ஓடணும்? எங்கயாவது ஒரு ஜோடியப் பார்த்திருப்பா உன் மகாராணி, ஓடிப்போயிருப்பா.”

சொல்லிவிட்டுச் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. இறகுகளைப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மாடிக்குப் போனான். அன்றைக்கு நான் சிரித்திருக்கக் கூடாது. ஒப்புக்கொள்கிறேன். இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். மூன்றாம் நாள் பழையபடி பேசினான். மறந்துவிட்டான் என்று நினைத்துவிட்டேன், மக்கு.

அதற்குப் பிறகுதான் என் குறி தப்ப ஆரம்பித்தது. வலது கண்ணில் புரை. எலி இரண்டாகத் தெரியும். நான் நடுவில் சுடுவேன். அது என்னைப் பார்த்துவிட்டு நிதானமாகப் போகும். ஆபரேஷனுக்குப் பயந்து தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். தம்பிதான் விடவில்லை. அவனே ஆஸ்பத்திரிக்குப் போய் நாள் குறித்துக்கொண்டு வந்தான். சனிக்கிழமை காலையில் அவனே கூட்டிக்கொண்டு போனான். கண்ணில் சொட்டு மருந்து விட்டு வெளியே பெஞ்சில் உட்கார வைத்தார்கள். எனக்கு எல்லாம் மங்கலாகத் தெரிந்தது, உள்ளுக்குள் பயமாகவும் இருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

“அக்கா, நீ ஒரு வாரம் படுத்துட்டா உன் மாமியாரும் மாமனாரும் பட்டினியா கிடக்குமே?”

“அதான்டா எனக்கும் கவலை.”

“நான் சுடுறேன்கா. நானே வைக்கிறேன். எப்படித் தட்டணும்னு மட்டும் சொல்லு.”

புறாவைத் தவிர வேறு பறவை இருப்பதையே ஒத்துக்கொள்ளாத என் தம்பியா இது என்று வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. மூன்று தட்டு என்று சொன்னேன். இரண்டும் இல்லை, நாலும் இல்லை, ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு மூச்சு விட வேண்டும் என்று சொன்னேன். மாமியார் முதலில் வரும், மாமனார் சில நாள் வராது என்று சொன்னேன். டிரம் மேல் உட்கார்ந்து ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் எலியை எடுக்கும், அவசரப்படாது என்று சொன்னேன். கதவுக்கு உள்ளே இடது பக்கம் நின்றால் அதற்குத் தெரியாது என்பதுவரை சொன்னேன். நைசாக வாயைப் பிடுங்குகிறான் என்று தோன்றவே இல்லை. எல்லாவற்றையும் நானேதான் சொன்னேன். அதுதான் இன்னும் ஆறவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. “மாவுத் தூசு, அடுப்புச் சூடு ரெண்டும் ஆகாது. ஒரு வாரம் ரூமை விட்டு வரக் கூடாது” என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். வலது கண்ணுக்குப் பஞ்சு வைத்த மூடி. இடது கண்ணிலும் பாதிப் புரை, அதில் உலகமே புகையாகத் தெரிந்தது. படுக்கையில் படுத்துக்கொண்டு காதை மட்டும் தீட்டி வைத்திருந்தேன். தம்பி என்னை உள்ளங்கையில் வைத்துத் தாங்கினான். சொட்டு மருந்து விட்டான், கஞ்சி கொடுத்தான், தலையணையைத் திருப்பிப் போட்டான். இப்படி ஒரு தம்பி எத்தனை பேருக்குக் கிடைப்பான் என்று, இருக்கிற அரைக் கண்ணிலும் தண்ணீர் விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கொல்லையில் துப்பாக்கி வெடித்தது. கொஞ்ச நேரம் கழித்து மூன்று தட்டு. சொன்னபடியே நடுவே ஒரு மூச்சு விட்டுத் தட்டினான். அப்புறம் டிரம் மேல் நகம் பதிகிற சின்னச் சத்தம், இறக்கை விரிகிற சத்தம். எனக்குப் பசியாறினது போல இருந்தது. திங்கட்கிழமையும் அப்படியே. முதலில் வெடி, பிறகு தட்டு, பிறகு இறக்கை.

செவ்வாய்க்கிழமை முதலில் தட்டு கேட்டது.

மூன்று தட்டு. வெடிச் சத்தத்தை நான் கவனிக்காமல் விட்டுவிட்டேனோ என்று முதலில் நினைத்தேன். கண் அசந்திருப்பேனோ? இல்லையே, முழித்துக்கொண்டுதானே இருக்கிறேன். டிரம் மேல் நகம் பதிந்தது. மாமியார் வந்துவிட்டாள். இப்போது ஒரு பார்வை பார்ப்பாள், அவசரப்பட மாட்டாள் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். வெடித்தது. இறக்கைச் சத்தம் வரவில்லை. டிரம்மிலிருந்து எதுவோ கீழே சரிந்தது.

எழுந்தேன். சுவரைத் தடவிக்கொண்டு, மாவு மூட்டைகளைத் தடவிக்கொண்டு கொல்லைக் கதவுக்குப் போனேன். வெயிலில் தம்பி குனிந்து எதையோ சாக்கில் போட்டுக்கொண்டிருப்பது புகையாகத் தெரிந்தது.

“என்னடா அது?”

“எலிக்கா. நீ எதுக்கு எழுந்து வந்த? தூசு படும், உள்ள போ.”

“எலியச் சுட்டுட்டுத்தானே தட்டணும்? முதல்லயே எதுக்குடா தட்டுன?”

சாக்கை முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

“சாக்கக் குடு.”

“அக்கா...”

“குடுடான்னா!”

கொடுத்தான். மாவுச் சாக்கு. கனமே இல்லை. கையை உள்ளே விட்டேன். இறகு. இறகுக்குக் கீழே சூடு. இவ்வளவு பெரிய இறக்கைக்குள்ளே இத்தனை சின்ன உடம்பா என்று நினைத்தேன். எட்டு வருஷத்தில் அன்றைக்குத்தான் மாமியாரை முதல் தடவையாகத் தொட்டேன்.

நான் என்னென்ன திட்டினேன் என்பதை இங்கே எழுத முடியாது. தெருவே கேட்டது. பாவி என்றேன், துரோகி என்றேன், இன்னும் மேலேயும் போனேன். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். கடைசியில் வாயைத் திறந்தான்.

“நீலவால் போனப்ப நீ சிரிச்சக்கா.”

“அதுக்கு என்னை ரெண்டு அடி அடிச்சிருக்கலாமேடா! என் துப்பாக்கிய எடுத்து, என் ட்ரேயத் தட்டி... நான் கூப்பிடுறேன்னு நினைச்சு வந்துச்சுடா அது!”

“பருந்துக்கு உன்னையெல்லாம் தெரியாதுக்கா. ட்ரேயத்தான் தெரியும்.”

கண்ணை அவிழ்க்கக் கூடாது, அழக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பஞ்சு நனைந்து மூடிக்குள் எரிந்தது. ஆபரேஷனுக்கு நாள் குறித்தது, கையைப் பிடித்துக்கொண்டது, கஞ்சி கொடுத்தது, ஞாயிறும் திங்களும் ஒழுங்காக எலி வைத்தது எல்லாம் இந்த ஒரு செவ்வாய்க்கிழமைக்காகத்தானா என்று கேட்டேன்.

“கண்ணு உனக்காகத்தான்கா. சத்தியமா. இது வேற.”

இது வேறயாம். கண்ணைக் கட்டிப் படுக்க வைத்துவிட்டு என் கண்ணிலேயே மண்ணைத் தூவினவன், அதையும் இதையும் பிரித்துக் கணக்குச் சொல்கிறான். எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

இதோடு முடிந்திருந்தால்கூட நான் துப்பாக்கியைப் பூட்டி வைத்துவிட்டு அவனோடு ஒரு மாதம் பேசாமல் இருந்திருப்பேன். முடியவில்லை. புதன்கிழமை காலையில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கடையில் வந்து உட்கார்ந்தேன். டாக்டராவது, தூசாவது. தையல்காரர் ரொட்டி வாங்க வந்தார். தம்பியின் புறாச் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். விரலில் மாட்டியிருந்த தையல் தொப்பியால் என் கண்ணாடி அலமாரியில் ‘டக், டக், டக்’ என்று தட்டினார்.

“மூணு தட்டாமே அக்கா? மடியில வந்து உக்காருமாமே?”

“யார் சொன்னது?”

“உங்க தம்பிதான். சங்கத்துல ஒருத்தர் விடாம சொல்லிட்டானே. இன்னொண்ணு பாக்கி இருக்காம்ல? ஞாயித்துக்கிழமை எல்லாரும் வர்றோம். பந்தயம் ஆரம்பிக்கிறதுக்குள்ள அதையும் முடிச்சிட்டா எங்க புறா எல்லாம் நிம்மதியாப் பறக்கும். கோச்சுக்காதீங்க.”

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டு அனுப்பினேன். ரொட்டியை வைத்துவிட்டே போய்விட்டார். ஆனால் உட்கார்ந்து யோசித்தபோதுதான் முழு விபரீதமும் உறைத்தது. என் துப்பாக்கியைப் பூட்டி வைக்கலாம். அவர்கள் துப்பாக்கியை என்ன செய்வேன்? ட்ரேயை ஒளித்து வைக்கலாம். ஊரில் தகரத்துக்கா பஞ்சம்? இனி எவன் வேண்டுமானாலும் எந்த மாடியில் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் மூன்று தட்டுத் தட்டலாம். மாமனார் வந்து உட்கார்ந்து, எலி எங்கே என்று பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருப்பான். போலீசுக்குப் போவேன் என்று தம்பியிடம் கத்தினேன். நான் போக மாட்டேன் என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

செவ்வாய்க்கிழமை மாமனார் வரவில்லை. வந்து பார்த்திருந்தால் அன்றைக்கே புரிந்துகொண்டிருக்கும். இனி மூன்று தட்டை நம்பக் கூடாது என்று அதற்கு யாராவது புரியவைத்தாக வேண்டும். அதற்கு என்னை விட்டால் ஆள் யார்?

புதன்கிழமை மத்தியானம் கொல்லைக்குப் போனேன். எலி இல்லை, துப்பாக்கி இல்லை. டிரம் மேல் ட்ரேயை வைத்து இடுக்கியை எடுத்தேன். கை மேலே போனது, இறங்க மாட்டேன் என்றது. ஏதோ பெரிய பாவம் செய்யப்போகிற மாதிரி இருந்தது. பிறகு தட்டினேன். மூன்று தடவை, நடுவே மூச்சு விட்டு, வெறும் ட்ரேயை.

மாமனார் வந்தான். புகையில் ஒரு பழுப்பு உருவம் டிரம் மேல் இறங்கியது. ட்ரேயைப் பார்த்தான். டிரம்முக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தான், கீழே விழுந்திருக்குமோ என்று. பிறகு என் பக்கம் திரும்பினான். நான் அசையாமல் நின்றேன். ரொம்ப நேரம் காத்திருந்துவிட்டுப் போனான். அரை மணி கழித்து மறுபடி தட்டினேன். மறுபடி வந்தான். சாயங்காலத்துக்குள் ஆறு தடவை தட்டினேன். ஆறு தடவையும் வந்தான். முட்டாளே, முட்டாளே, போய்த் தொலையேன் என்று முனகிக்கொண்டே தட்டினேன்.

வியாழக்கிழமை பத்து தடவை. ஒன்பது தடவை வந்தான். வெள்ளிக்கிழமை டிரம்மில் இறங்காமல் சுவரில் உட்கார்ந்தான். ஆனால் வந்தான். எட்டு வருஷம் தப்பாமல் சொன்ன உண்மையை மூன்று நாள் பொய்யில் அழிக்க முடியவில்லை. அத்தனை நம்பிக்கை வைத்திருந்தானே என்று பெருமைப்படுவதா, தலையில் அடித்துக்கொள்வதா? தம்பி அடுப்புக்குப் பக்கத்தில் நின்று நான் தட்டுவதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். என்ன செய்கிறேன் என்று அவனுக்குப் புரிந்திருக்கும். ஆனாலும் சங்கத்தைத் தடுக்கவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் நாலாவது தடவை தட்டியபோது மாமனார் மறுபடி டிரம்முக்கே வந்துவிட்டான். பசியாக இருந்திருக்கும். ட்ரேக்குப் பக்கத்தில், கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்தான். அத்தனை கிட்டத்தில் அவனை நான் பார்த்ததே இல்லை. ஓடு, ஓடு என்று கத்தினேன். தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டான். மறுநாள் இதே இடத்தில் தையல்காரர் நின்றிருப்பார்.

ட்ரேயை இரண்டு கையாலும் தூக்கி அவன் மேல் எறிந்தேன்.

விளிம்பு அவன் தோளில் பட்டது. இந்த எட்டு வருஷத்தில் நான் கேட்டிராத ஒரு குரலில் கத்தினான். எழும்பத் தடுமாறிச் சுவரில் மோதி, ஒரு இறகை விட்டுவிட்டு, எப்படியோ மேலே ஏறிப் போனான். நம்பி வந்ததை எப்படி அடிப்பது என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அந்த வாரம்தான் வீட்டிலேயே பார்த்திருந்தேன். கவிழ்ந்து கிடந்த ட்ரேயின் பக்கத்தில் உட்கார்ந்து, டாக்டர் சொன்னதை மறந்து, வாய்விட்டு அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குச் சங்கத்தார் ஐந்து பேர் வந்தார்கள். தையல்காரர் கையில் துப்பாக்கி. கொல்லைக் கதவுக்கு உள்ளே, இடது பக்கம், நான் உட்காருகிற இடத்தில் போய் நின்றார். அந்த இடத்தையும் சொல்லிக் கொடுத்திருக்கிறான். நான் கொல்லை வாசல் நடுவிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். எழுந்திருக்கச் சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை. தம்பி என் முகத்தைப் பார்க்காமல் ட்ரேயை எடுத்து டிரம் மேல் வைத்து மூன்று தட்டுத் தட்டினான்.

“அதோ, அதோ, வருது!” என்று ஒருத்தர் கிசுகிசுத்தார்.

கறுப்புக் கண்ணாடிக்குள் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். வராதே, வராதே.

“இறங்குதா?” என்று கேட்டேன்.

“மேலயே சுத்துதுப்பா.”

தம்பி மறுபடி தட்டினான். மறுபடி. கடைசியில் சங்கத்தார் ஒருத்தர் வீட்டுப் பொறியில் சிக்கிய ஒரு எலியைக் கொண்டுவந்து ட்ரேயில் வைத்துத் தட்டினான். அந்த வாரம் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அந்த ட்ரே உண்மை சொன்னது அந்த ஒரு தடவைதான். மாமனார் அதையும் நம்பவில்லை. இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுத் தண்ணீர்த் தொட்டியையும் தாண்டிப் போய்விட்டான் என்று அவர்கள் பேசிக்கொண்டார்கள்.

“என்னப்பா, கூப்பிட்டா மடியில வந்து உக்காரும்னு அளந்தே?” என்று தையல்காரர் தம்பியைக் கேட்டார். கொஞ்ச நேரம் சிரித்துப் பேசிவிட்டுக் கிளம்பிப் போனார்கள்.

நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். தப்பித்துவிட்டான். ஆனால் இந்தக் கொல்லைக்கு இனி அவன் வரமாட்டான். எலியை நான் சுட்டுக்கொண்டுதான் இருப்பேன், குப்பையில் போட்டுக்கொண்டுதான் இருப்பேன். நிம்மதி ஒரு பக்கம், வயிற்றெரிச்சல் ஒரு பக்கம்.

நாலு மணி ஆகியிருக்கும். அடுப்புப் பக்கத்திலிருந்து கரண்டியால் தம்ளரில் இரண்டு தட்டு கேட்டது.

“அக்கா, டீ!”

என் கால்கள் தாமாகவே எழுந்தன. இரண்டு அடி வைத்துவிட்டு நின்றேன். திரும்பிப் போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். கொஞ்சம் பொறுத்து மறுபடி தட்டினான், முன்னைவிட மெதுவாக. “ஆறிடும்கா” என்றான்.

அந்தத் தம்ளரில் டீ இருந்திருக்கும். நிஜமாகவே இருந்திருக்கும். நான் போகவில்லை.